நிச்சயமின்மைக்கு நடுவே கட்டமைப்பு வடிவமைப்பு: பாதுகாப்பையும் செலவையும் சமன் செய்யும் முறை

கட்டமைப்பு ஒன்றை வடிவமைக்கும்போது முற்றிலும் உறுதியான எண் என்று எதுவும் நம் கையில் இருப்பதில்லை. அடுத்த 50 ஆண்டுகளில் வீசப்போகும் பெருங்காற்றின் வேகம், இன்னும் வார்க்கப்படாத கான்கிரீட்டின் வலிமை, துளையிட்டுப் பார்க்காத இடத்து மண்ணின் தன்மை ஆகிய அனைத்தும் மதிப்பீடுகளே. இந்த நிலையில் பலர் கைக்கொள்ளும் வழி, எல்லா உறுப்புகளையும் கொஞ்சம் கொஞ்சம் பெரிதாக்கிவிடுவது. அது எச்சரிக்கையான பழக்கம் போலத் தோன்றினாலும், தேவையில்லாத இடத்தில் பணத்தைக் கொட்டிவிட்டு, உண்மையில் ஆபத்து இருக்கும் இடத்தை அப்படியே விட்டுவிடுகிறது. பாதுகாப்பு எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ, எந்த முறிவு முன்னறிவிப்பின்றி நிகழ்ந்து கட்டடம் முழுவதும் பரவக்கூடியதோ, அங்கே தாராளமாகச் செலவிட வேண்டும். மற்ற இடங்களில் விதிநூல் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கேயாயினும், பொருளைக் கூட்டுவதற்கு முன்னால் நமது அறியாமையைக் குறைக்க முடியுமா என்று பார்த்துவிட வேண்டும். அதற்கான வழிமுறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

முதலில் நிச்சயமின்மைகளைப் பிரித்தறிய வேண்டும்

கணக்கீட்டைத் தொடங்குவதற்கு முன், அந்தக் கட்டமைப்பில் நிச்சயமாகத் தெரியாதவை எவை என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், அது இயற்கையான ஏற்ற இறக்கமா, அல்லது நமக்குப் போதிய தகவல் இல்லாததால் வந்ததா என்று குறிக்க வேண்டும். ஆண்டுதோறும் மாறும் உச்சக் காற்று வேகம் முதல் வகை. எவ்வளவு பணம் செலவழித்தாலும் அடுத்த ஆண்டின் காற்றை இன்றே அளந்துவிட முடியாது. அடித்தள மண்ணின் தாங்குதிறன் பெரும்பாலும் இரண்டாம் வகை. மண் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை. முதல் வகையைத் தாங்கு வலிமையைக் கூட்டி எதிர்கொள்ள வேண்டும். இரண்டாம் வகையை ஆய்வு செய்து குறைக்க முடியும். இந்தப் பிரிவினையைச் செய்யாதவர்கள், துளை ஆய்வுக்கு ஆகும் சிறு தொகையை மிச்சப்படுத்தி, அதைவிடப் பல மடங்கை அடித்தளக் கான்கிரீட்டில் செலவிடுவது வழக்கமாக நடக்கிறது.

அடுத்து, ஒவ்வொரு மதிப்பீட்டிலும் ஏற்படக்கூடிய பிழை இறுதி விடையை எவ்வளவு அசைக்கும் என்று பாருங்கள். காற்றழுத்தம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், வேகத்தில் 10 விழுக்காட்டுப் பிழை அழுத்தத்தில் 21 விழுக்காட்டுப் பிழையாகிறது. மாறாக, கான்கிரீட்டின் வலிமை 10 விழுக்காடு குறைந்தால், சாதாரண அளவில் கம்பி இடப்பட்ட உத்தரத்தின் வளைவுத் தாங்குதிறன் மிகச் சிறிதளவே குறையும், ஏனெனில் அங்கே வலிமையைத் தீர்மானிப்பது இழுவிசைக் கம்பி. அதே குறைபாடு அழுத்தத்தைத் தாங்கும் தூணில் ஏறக்குறைய முழுமையாக வெளிப்படும். ஆகவே கான்கிரீட் தரக் கட்டுப்பாட்டில் கவனம் செலுத்த வேண்டிய முதல் இடம் கீழ்த்தளத் தூண்கள்தான்.

விதிநூலின் காரணிகள் எவ்வளவு தூரம் காக்கும்

ஐரோப்பிய விதிநூலில், கணக்கிட்ட சுமையைப் பெருக்குவதற்கு, நிலைச்சுமைக்கு (கட்டமைப்பின் சொந்த எடை போன்றது) 1.35, பயன்பாட்டுச் சுமைக்கு (ஆட்கள், பொருட்கள் போன்றவை) 1.5 என்ற காரணிகள் உள்ளன. அமெரிக்க முறையில் அவை 1.2, 1.6. இரண்டிலும் நிலைச்சுமையின் காரணி குறைவாக இருப்பதற்குக் காரணம், ஒரு தளத்தின் சொந்த எடையை, அதன்மேல் வரப்போகும் ஆட்களின் எடையைவிட நம்மால் நன்றாகக் கணிக்க முடிகிறது என்பதே. பொருட்களிலும் அப்படித்தான்: ஐரோப்பிய முறையில் ஆலையில் உருவாகும் கம்பியின் வலிமையை 1.15-ஆல் வகுக்கிறோம், களத்தில் வார்க்கப்படும் கான்கிரீட்டின் வலிமையை 1.5-ஆல் வகுக்கிறோம். எங்கே நிச்சயமின்மை அதிகமோ, அங்கே காரணியும் அதிகம்.

இந்தக் காரணிகளுக்குப் பின்னால் இருப்பது நம்பகத்தன்மைக் குறியீடு என்னும் பீட்டா. தாங்குதிறனின் சராசரிக்கும் சுமை விளைவின் சராசரிக்கும் உள்ள இடைவெளி, அந்த இடைவெளியின் திட்ட விலக்கத்தை (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவை) போல எத்தனை மடங்கு என்பதை அது சொல்கிறது. 1969-இல் பொறியாளர் கார்னெல் முன்வைத்த எளிய வடிவம் இதுவே. சாதாரணக் கட்டடங்களுக்கு, 50 ஆண்டுக் காலத்துக்கு, ஐரோப்பிய விதிநூலின் இலக்கு 3.8, முறிவு நிகழ்தகவாகச் சொன்னால் ஏறத்தாழ 14,000-இல் ஒன்று. ஓராண்டுக் காலத்துக்கு அதே இலக்கு 4.7 என்று எழுதப்படுகிறது. இரண்டும் ஒரே பாதுகாப்பையே குறிக்கின்றன. காலக்கெடு மட்டும் வேறு. ஆகவே உங்கள் கணக்கின் பீட்டாவை விதிநூலோடு ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே காலத்துக்கு உரியவைதானா என்று கட்டாயம் சரிபாருங்கள்.

காரணிகளால் காக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. கனடாவின் கியூபெக் பாலத்தில் மையத் தாவுதூரத்தை (நடுவில் தூணின்றிப் பாலம் தாண்டும் நீளத்தை) 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டியபோது, பாலத்தின் சொந்த எடையை அதற்கேற்ப முறையாகத் திருத்திக் கணக்கிடவில்லை. எடை கூடியிருப்பது தெரியவந்தபோது எஃகு வேலையின் பெரும்பகுதி முடிந்திருந்தது. 1907 ஆகஸ்ட் 29-ஆம் நாள், கட்டி முடியும் முன்பே பாலம் சரிந்து 75 தொழிலாளர்கள் இறந்தனர். பெரும் முறிவுகளின் வரலாற்றைப் படிப்பவர்கள் மீண்டும் மீண்டும் சந்திப்பது இதுபோன்ற மனிதத் தவறுகளையே. எல்லாம் சரியாகச் செய்தும் தற்செயலாகச் சுமை எல்லை மீறிய நிகழ்வுகள் அரிது. இத்தகைய தவற்றுக்கு மருந்து, வடிவமைப்பில் பங்கு கொள்ளாத வேறொரு பொறியாளரின் சுயேச்சையான சரிபார்ப்பு. அதற்கு ஆகும் கட்டணம், பாதுகாப்புக்காகச் செய்யப்படும் செலவுகளிலேயே மிகுந்த பயன் தருவது என்பது என் உறுதியான கருத்து. செலவைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுவாகவே இருப்பது வருத்தத்துக்குரியது.

ஒரு உத்தரத்தைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம்

சமன் செய்தல் என்பது எப்படி நடக்கிறது என்பதை எண்களில் பார்த்தால்தான் புரியும். ஒரு கட்டடத்தின் மொத்தச் செலவு 10,000 அலகு என்று கொள்வோம். அதன் முக்கிய உத்தரத்தில், கட்டடத்தின் ஆயுட்காலத்தில் வரக்கூடிய உச்ச வளைவுத் திருப்புத்திறனின் (சுமை உத்தரத்தை வளைக்கும் விளைவின்) சராசரி 100 கிலோநியூட்டன் மீட்டர். திட்ட விலக்கம் 25. உத்தரத்தின் தாங்குதிறன் தன் சராசரியில் 10 விழுக்காடு திட்ட விலக்கம் உடையது. 10,000 அலகு என்பது சராசரித் தாங்குதிறன் 200 ஆக இருக்கும்போது ஆகும் செலவு. அதை 20 கூட்ட 20 அலகு கூடுதலாகும். உத்தரம் முறிந்தால் ஏற்படும் மொத்த இழப்பு, கட்டடச் செலவைப் போல ஐந்து மடங்கு, அதாவது 50,000 அலகு. இரண்டு பரவல்களையும் இயல்நிலைப் பரவலாக (சராசரியின் இருபுறமும் சமச்சீராகச் சரியும் மணி வடிவப் பரவலாக) எடுத்துக்கொள்வோம்.

தாங்குதிறன் 180 என்றால், இடைவெளி 80; மொத்தத் திட்ட விலக்கம் 18, 25 ஆகியவற்றின் இருமடிகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 30.8, பீட்டா 2.6; முறிவு நிகழ்தகவு 0.0047. கட்டுமானச் செலவு 9,980, எதிர்பார்ப்பு இழப்பு (முறிவு நிகழ்தகவை 50,000-ஆல் பெருக்கினால் கிடைப்பது) 235, கூட்டினால் 10,215. இதே முறையில் மற்றவற்றையும் கணக்கிட்டால்:

தாங்குதிறன் 200: பீட்டா 3.12, மொத்த எதிர்பார்ப்புச் செலவு 10,045.
தாங்குதிறன் 220: பீட்டா 3.60, மொத்தம் 10,028.
தாங்குதிறன் 240: பீட்டா 4.04, மொத்தம் 10,041.
தாங்குதிறன் 260: பீட்டா 4.44, மொத்தம் 10,060.

மிகக் குறைந்த செலவு 220-க்கு அருகில் வருகிறது. ஆனால் அந்த எண்ணைவிட முக்கியமானது வளைகோட்டின் வடிவம். 220-க்குக் கீழே 40 இறங்கினால் செலவு 187 அலகு கூடுகிறது; மேலே 40 ஏறினால் 32 அலகுதான் கூடுகிறது. குறைவாக வைப்பதற்கான தண்டனை செங்குத்தானது. அதிகமாக வைப்பதற்கான தண்டனை மென்மையானது. உள்ளீட்டு எண்களில் நமக்கே முழு நம்பிக்கை இல்லாதபோது, குறைந்தபட்சப் புள்ளிக்குச் சற்று மேற்புறத்தில் நிற்பது பொருளாதார நோக்கிலும் சரியான முடிவு என்பதற்கு இதுவே அடிப்படை. அதே சமயம், 220 போதுமான இடத்தில் 300 வைப்பதை இந்த வாதம் நியாயப்படுத்தாது.

இழப்பு பத்து மடங்கு, அதாவது 5,00,000 அலகு என்று மாற்றிப் பாருங்கள். 220-இல் மொத்தம் 10,098; 240-இல் 10,053; 260-இல் 10,062. உகந்த புள்ளி 220-இலிருந்து 240-க்கு மட்டுமே நகர்ந்திருக்கிறது. விளைவு பத்து மடங்கு பெருகியும் தாங்குதிறனை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூட்டினால் போதுமானதாக இருப்பதற்குக் காரணம், பீட்டா சிறிது ஏறினாலே முறிவு நிகழ்தகவு மடங்கு மடங்காகச் சரிவதுதான். இழப்பின் மதிப்பைத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லையே என்று தயங்கி இந்தக் கணக்கையே கைவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இழப்பு எந்த அளவு வரிசையில் உள்ளது என்று தெரிந்தாலே பயனுள்ள விடை கிடைத்துவிடுகிறது.

இந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு மட்டுமே பயன்படுத்துங்கள். இயல்நிலைப் பரவலின் வால்பகுதி உண்மையான உச்சச் சுமைகளைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். காற்று, பனி போன்றவற்றின் உச்சத்துக்கு, உச்ச மதிப்புகளுக்கென்றே உள்ள கும்பெல் பரவலை எடுத்தால் அதே உத்தரத்தின் முறிவு நிகழ்தகவு பல மடங்கு உயரக்கூடும். "என் கட்டடம் பத்து இலட்சத்தில் ஒரு முறைதான் முறியும்" என்று ஒருவர் இத்தகைய கணக்கை வைத்துச் சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. "இந்த வடிவமைப்பு அதைவிடப் பாதுகாப்பானது, கூடுதல் செலவு இவ்வளவு" என்று சொன்னால் கேட்கலாம்.

உயிர்ப் பாதுகாப்பு எல்லை பேரத்துக்கு உரியதன்று

மேலே கண்ட 220-இன் பீட்டா 3.6. விதிநூலின் இலக்கு 3.8 என்றால், செலவுக் கணக்கு என்ன சொன்னாலும் 220 ஏற்கத்தக்கதன்று. தாங்குதிறனை 230 ஆக்கினால் பீட்டா 3.83 ஆகிறது, மொத்தச் செலவு 10,033, அதாவது 5 அலகு மட்டுமே கூடுதல். வளைகோடு அடிப்பகுதியில் தட்டையாக இருப்பதால் எல்லையை மதிப்பது பெரும்பாலும் இவ்வளவு மலிவாகவே முடிகிறது. வரிசை முக்கியம்: சட்டமும் விதிநூலும் வகுக்கும் பாதுகாப்பை முதலில் நிறைவு செய்து, அதற்கு மேலே உள்ள பகுதியில் மட்டும் உகந்த செலவைத் தேட வேண்டும். கட்டடத்தின் உரிமையாளர் மிச்சப்படுத்தும் பணம் அவருடையது. ஆனால் ஆபத்தைச் சுமப்பவர்கள் அதில் வசிப்பவர்களும் அருகே நடந்து செல்பவர்களும். அவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்பதில்லை.

பொருளுக்கு முன் தகவலை வாங்குங்கள்

அதே உத்தரத்தில் சுமையின் திட்ட விலக்கத்தை 25-இலிருந்து 15 ஆகக் குறைக்க முடிந்தால் என்ன ஆகும்? உண்மையில் வரப்போகும் இயந்திரங்களின் எடையை உற்பத்தியாளரிடம் கேட்டுப் பெறுவதும், தளத்தின் பயன்பாட்டை உறுதி செய்துகொள்வதும் இதற்குப் போதுமானதாக இருக்கலாம். அப்போது 180 தாங்குதிறனுக்கே பீட்டா 3.41, மொத்தச் செலவு 9,996. முன்பு கண்ட மிகக் குறைந்த செலவைவிட 32 அலகு குறைவு. 200 தாங்குதிறனில் பீட்டா 4.0 ஆகி விதிநூல் இலக்கும் நிறைவேறுகிறது. மொத்தம் 10,002, அதாவது முன்பு இலக்கை எட்டத் தேவைப்பட்ட 10,033-ஐவிட 31 அலகு குறைவு. அந்தத் தகவலைப் பெற 31 அலகுக்குக் குறைவாகச் செலவாகும் என்றால், அதை வாங்குவதே சரி. ஆய்வின் முடிவில் சராசரிச் சுமை நாம் நினைத்ததைவிட அதிகம் என்று தெரியவரலாம். அப்போது உத்தரத்தைப் பெரிதாக்க நேரும். அதையும் ஆய்வின் பயனாகவே கருத வேண்டும், ஏனெனில் அந்தச் சுமை நாம் அறிந்தாலும் அறியாவிட்டாலும் வரத்தான் போகிறது.

கான்கிரீட்டில் இதே கொள்கை அன்றாடம் செயல்படுகிறது. சிறப்பியல்பு வலிமை என்பது, சோதனை முடிவுகளில் 5 விழுக்காட்டுக்கு மேல் அதற்குக் கீழே போகக்கூடாத மதிப்பு. 25 மெகாபாஸ்கல் வேண்டுமென்றால், திட்ட விலக்கத்தின் 1.65 மடங்கைச் சேர்த்துக் கலவையின் சராசரியை இலக்கு வைக்க வேண்டும். திட்ட விலக்கம் 5 என்றால் இலக்கு 33.25, மணலின் ஈரத்தைத் தொடர்ந்து அளந்து, தண்ணீரைக் கட்டுப்படுத்தி, திட்ட விலக்கத்தை 3.5 ஆக்கினால் இலக்கு 30.8 ஆகக் குறையும். ஒவ்வொரு கன மீட்டரிலும் சிமெண்டு மிச்சமாகும்; உறுதியளித்த வலிமையில் எந்தக் குறையும் இல்லை. பாதுகாப்பைக் குறைக்காமல் செலவைக் குறைப்பதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பு மலிவாகக் கிடைக்கும் இடங்கள்

இணைப்புகள் இதில் முதலிடம் பெறுகின்றன. எஃகுக் கட்டமைப்பின் எடையில் தட்டுகளும் மரைகளும் சிறு பங்கே. ஆனால் அவை விட்டுப்போனால் உறுப்புகள் எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தனர். மேல் நடைபாதையும் அதற்கு நேர் கீழே இருந்த நடைபாதையும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளமான கம்பிகளில் தனித்தனியே தொங்க வேண்டும் என்பது முதல் வடிவமைப்பு. நீளக் கம்பியில் மரை வெட்டிப் பொருத்துவது சிரமம் என்பதால், அது இரண்டு கம்பிகளாக மாற்றப்பட்டது: மேற்கம்பி கூரையிலிருந்து மேல் நடைபாதை வரை, கீழ்க்கம்பி மேல் நடைபாதையின் உத்தரத்திலிருந்து கீழ் நடைபாதை வரை. கம்பிகளின் இழுவிசை மொத்தத்தில் மாறவில்லை. ஆனால் மேல் உத்தரத்தின் அடியில் இருந்த மரை, முன்பு ஒரு நடைபாதையின் சுமையை மட்டும் தாங்க வேண்டியிருந்தது; மாற்றத்துக்குப் பின் இரண்டின் சுமையும் அதன்மேல் வந்தது. அந்த இடத்தில் ஒரு தடித்த தட்டு வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவை நினைத்துப் பாருங்கள். வடிவமைப்பில் சிறு மாற்றம் கோரி வரும் ஒவ்வொரு வரைபடத்திலும், சுமை செல்லும் பாதையைத் தொடக்கத்திலிருந்து அடித்தளம் வரை மறுபடியும் விரலால் தொடர்ந்து பாருங்கள்.

இரண்டாவது, உத்தரமின்றித் தூண்மீது நேரடியாக அமரும் தட்டைத் தளங்கள். தூண் தளத்தைத் துளைத்துக்கொண்டு வரும் முறிவு எந்த எச்சரிக்கையும் தராமல் நிகழ்கிறது. அப்போது தளத்தின் மேற்கம்பிகள் மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே எழும்பிவிடும். தூணின் கம்பிக் கூட்டுக்குள்ளாகச் செல்லும் அடிக்கம்பிகள் மட்டுமே தளத்தைத் தொங்கவிட்டுப் பிடிக்கும். ஒவ்வொரு தூணிலும், இரு திசைகளிலும், குறைந்தது இரண்டு அடிக்கம்பிகளைத் தொடர்ச்சியாகத் தூணுக்குள் செலுத்துவதற்கு ஆகும் செலவு தளத்தின் செலவில் மிகச் சொற்பம். ஆனால் ஒரு தளம் விழுந்து அடுத்தடுத்த தளங்களை இழுத்துச் செல்வதை அவை தடுக்கக்கூடும்.

முறிவு பரவுவதைத் தடுப்பது தனியே சிந்திக்கப்பட வேண்டிய ஒன்று. 1968 மே 16 அன்று லண்டனின் ரோனன் பாயிண்ட் என்னும் 22 மாடிக் குடியிருப்பில், 18-ஆம் மாடியில் எரிவாயு வெடித்துச் சுமைதாங்கும் சுவர்ப்பலகை ஒன்று வெளியே தள்ளப்பட்டது, அதைத் தொடர்ந்து அந்த மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது, நால்வர் இறந்தனர். எந்தச் சுமைக் காரணியை உயர்த்தினாலும் இதற்குத் தீர்வாகியிருக்காது. பலகைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் கம்பிகளே தேவைப்பட்டவை. ஆகவே உங்கள் வரைபடத்தில் ஒரு தூணையோ சுவரையோ நீக்கிவிட்டு, மீதி நிற்குமா என்று பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். நிற்காது என்றால், அந்த ஒரு உறுப்புக்குக் கூடுதல் வலிமையோ மாற்றுப் பாதையோ கொடுங்கள்.

வளைந்து, விரிசல் விட்டு, மெதுவாகத் தோற்கும் உறுப்புகளில் இவ்வளவு தாராளம் தேவையில்லை. அவை ஆட்களுக்கு வெளியேற நேரம் தருகின்றன. பக்கத்து உறுப்புகளுக்குச் சுமையைப் பகிர்ந்தும் தருகின்றன.

ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தில்

புதிய கட்டடத்தில் ஒரு தூணில் நான்கு கம்பி கூட்டுவது எளிது. நிற்கும் கட்டடத்தில் அதே வலிமையைக் கூட்ட, சுவரை உடைத்து, தாங்குகோல் கொடுத்து, ஆட்களை வெளியேற்ற வேண்டியிருக்கும். பாதுகாப்பின் விலை உயரும்போது உகந்த இலக்கும் மாறுவது இயல்பு. கட்டமைப்புப் பாதுகாப்புக்கான கூட்டுக்குழுவின் நிகழ்தகவு மாதிரி விதித்தொகுப்பு, மிதமான விளைவுள்ள கட்டமைப்புகளுக்கு ஓராண்டு பீட்டா இலக்காக, பாதுகாப்பின் விலை சாதாரணமாக இருந்தால் 4.2, அதிகமாக இருந்தால் 3.3 என்று பரிந்துரைப்பது இந்தக் காரணத்தால்தான். இதை அலட்சியத்துக்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிற்கும் கட்டடத்தில் நமக்கு வேறொரு வசதி உண்டு: கான்கிரீட்டில் மாதிரி வெட்டி எடுத்துச் சோதிக்கலாம், கம்பி இருக்கும் இடத்தைக் கருவியால் காணலாம், தேவைப்பட்டால் கட்டுப்படுத்திய சோதனைச் சுமை ஏற்றிப் பார்க்கலாம். அந்தத் தகவலைப் பெறாமல் குறைந்த இலக்கை மட்டும் எடுத்துக்கொள்வது முறையன்று.

எடுத்த முடிவுகளை எழுதி வையுங்கள்

கணக்கீட்டுக் கோப்பின் முதல் பக்கத்தில், கருதிக்கொண்ட பயன்பாட்டுச் சுமை, மண்ணின் தாங்குதிறன், முறிவின் விளைவு பற்றிய மதிப்பீடு, அதிக உணர்திறன் உள்ள இரண்டு மூன்று எண்கள், அவற்றின் ஆதாரம் ஆகியவற்றை எழுதுங்கள். எந்தத் தளத்தில் எவ்வளவு எடைக்கு மேல் ஏற்றக்கூடாது, எந்தச் சுவரை அகற்றக்கூடாது என்பதை உரிமையாளருக்குப் புரியும் மொழியில் தனித்தாளாகக் கொடுங்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அலுவலகத்தைக் கிடங்காகவோ, மொட்டைமாடியைத் தண்ணீர்த் தொட்டிகளின் இடமாகவோ மாற்ற நினைப்பவர், நாம் தேவைக்கு மேல் வைத்த பாதுகாப்பு விளிம்பு எவ்வளவு, அதில் எவ்வளவு மீதியிருக்கிறது என்பதை அந்தத் தாளிலிருந்துதான் அறிந்துகொள்ள முடியும்.